கிராமத்துக்கு இணையம் வந்துவிட்டால் மக்கள் தாமாகவே கற்றுக்கொள்ள மாட்டார்களா? தனியாகப் பயிற்சி எதற்கு?

மாட்டார்கள். இளவட்டங்கள் வீடியோ பார்க்கிற அளவுக்குக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். "டவர் வைத்தாச்சு, இனி அவங்க பாடு" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு நொந்துபோனதால்தான் நீளமாக எழுதுகிறேன். நீங்கள் ஏதோ ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள், பயிற்சிச் செலவைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி, உலகம் முழுக்க நகரவாசிகளில் 83 சதவீதம் பேர் இணையத்தில் இருந்தார்கள், கிராமத்தில் 48 சதவீதம்தான். அப்போது இணையம் பயன்படுத்தாத 260 கோடிப் பேரில் 180 கோடிப் பேர் கிராமத்துக்காரர்கள். ஆனால் மொபைல் இணைய சிக்னலோ உலக மக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கும் இடங்களுக்குப் போய்விட்டது. சிக்னல் இருந்தும் பயன்படுத்தாதவர்கள்தான் பெரும்பாலோர். போன் விலை ஒரு காரணம், டேட்டா செலவு ஒரு காரணம். நான் நேரில் பார்ப்பது மூன்றாவது காரணத்தை: பயம்.

கிராமத்துப் பெண்களுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றை விடுமுறை நாட்களில் நடத்துகிறேன். அதற்கு ஓர் அம்மா வந்தார். போன் அவருடையது, நம்பர் அவருடையது. திறக்கும் பேட்டர்ன் மட்டும் மகனுக்குத்தான் தெரியும். பேங்கிலிருந்து மெசேஜ் வந்தால் யாரிடமாவது நீட்டுவார். அவர்களும் நல்ல மனசோடு "கொடுங்கம்மா, நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கி, வேலையை முடித்து, "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பார்கள். இவரும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்.

இதில் இருக்கும் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. ஓடிபி கேட்டால் சொல்வதுதான் முறை என்று உதவி செய்தவர்களே வருடக்கணக்காக அவரைப் பழக்கியிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு மோசடிக்காரன் போன் செய்து அதே தொனியில் "நம்பர் சொல்லுங்கம்மா" என்றால் அவர் ஏன் மறுக்கப்போகிறார்? பிறகு பணம் போனதும் "படிக்காதவங்க, ஏமாந்துட்டாங்க" என்கிறோம். எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு: சொல்லிக்கொடுப்பவர் கை போனில் படக்கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரவர் விரல்தான். முதல் வகுப்பு முழுக்கப் பூட்டுவதும் திறப்பதும் மட்டுமே, அதுவும் அவரவரே போட்ட புது பேட்டர்னில். அப்புறம் தேடல் பெட்டியில் இருக்கும் மைக்கைக் காட்டினோம். அந்த அம்மா போனை வாய்க்கருகே வைத்து, "ஆட்டுக்கு வயிறு உப்பினா என்ன செய்யணும்?" என்று கேட்டார். வீடியோக்கள் வரிசையாக வந்தன. ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு, "இவர் டாக்டரா, இல்ல சும்மா பேசுறவரா?" என்றார். நாங்கள் பாடத்திட்டத்தில் கடைசியாக வைத்திருந்த விஷயம் அது. யார் சொல்கிறார்கள் என்று பார்க்கும் புத்தி அவரிடம் ஏற்கெனவே இருந்தது, போனைத் தொடும் தைரியம்தான் இல்லை.

இப்போது மகனுக்குத்தான் வருத்தம், அம்மா பேட்டர்னை மாற்றிவிட்டார் என்று. பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அவர்கள் அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் அக்கறை வேறு, சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்வது வேறு.

"அப்படியானால் கேபிள், டவர் எதுவும் வேண்டாமா?" என்று யாராவது கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பெரிய நிறுவனங்கள் லாபமில்லை என்று ஒதுக்கிய கிராமங்களில், 2011-இல் தொடங்கிய பி4ஆர்என் என்ற அமைப்பில் ஊர் மக்களே பள்ளம் தோண்டி ஃபைபர் பதித்தார்கள். விவசாயிகள் தங்கள் நிலம் வழியாகக் கேபிள் போக இலவசமாக இடம் கொடுத்தார்கள். ஃபைபர் பதிப்பதில் பெருஞ்செலவே பள்ளம் தோண்டுவதுதான், கேபிளின் விலை அல்ல. அந்த வீடுகளுக்கு விநாடிக்கு 1 ஜிகாபிட் என்ற மிக அதிக வேகம் கிடைத்தது. ஆக, இணைப்பு கொடுக்க முடியாது என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விண்ணப்பப் படிவம் தயாரிப்பவர்களே, புகைப்படம் 20 கேபிக்கு மேல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று எதற்காகக் கேட்கிறீர்கள்? போன் கேமராவில் எடுக்கும் படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதைச் சுருக்குகிற வேலையை உங்கள் மென்பொருளே செய்யலாமே! பாதி நிரப்புவதற்குள் "நேரம் முடிந்தது" என்று வெளியே தள்ளுவது இன்னொரு கொடுமை. எழுத்துக்கூட்டி அடிப்பவருக்கு நேரமாகத்தான் செய்யும். இத்தனையும் தாண்ட முடியாமல் அவர்கள் மறுபடி யாரிடமோ போனை நீட்டுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் முகாம் நடத்தி, சான்றிதழோடு குழு போட்டோ எடுத்துவிட்டுப் போவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். சந்தேகம் வருவது முகாம் முடிந்த பிறகுதான். அதே ஊரில் இருக்கும், பொறுமையுள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுங்கள்.