பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரிப்பதா?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னீர்கள் என்று ஆஸ்திரேலியக் கவிஞர் பான்ஜோ பாட்டர்சனின் நகைச்சுவைக் கவிதைகளை வாசித்தேன். சிரித்தேன், ஆனால் உறுத்துகிறது. சிட்னியில் வக்கீலாக இருந்தவர் காட்டுப்புறத்து மக்களைக் கேலி செய்கிறார் என்றுதானே இதை எடுத்துக்கொள்ள முடியும்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பாட்டர்சன் வக்கீல்தான். ஆனால் சிறுவயதில் வளர்ந்தது யாஸ் ஊர்ப்பக்கம், ஒரு பண்ணையில். அந்த மனிதர்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

1892-இல் வந்த, அயர்ன்பார்க் என்ற காட்டுப்புறத்து ஊர்க்காரனைப் பற்றிய கவிதையை மறுபடி பாருங்கள். தாடியும் மீசையுமாக ஒருவன் சிட்னி சலூனுக்குள் நுழைகிறான். சுவரோரம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க, சவரக்காரர் கத்தியைக் கொதிநீரில் முக்கி, அதன் முதுகுப்புறத்தால் அவன் கழுத்தில் ஓர் இழுப்பு இழுக்கிறார். கழுத்து அறுபட்டுவிட்டது என்றே நம்பி, ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவன் கடையைத் துவம்சம் செய்கிறான். போலீஸ்காரர் வந்த பிறகுதான் விளையாட்டு என்று தெரிகிறது. அப்போதும் அவன் முழுதாக நம்பவில்லை. ஊருக்குப் போய், ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களிடம், தன் தொண்டை கெட்டியானது, அதனால் பிழைத்தேன் என்று பெருமையடிக்கிறான். அதன்பிறகு அந்த ஊரில் எல்லோரும் தாடி வளர்க்கிறார்கள்! கேலியைத் தொடங்கியது நகரம், அடி வாங்கியதும் நகரம்தான்.

1893-இல் வந்த ஞானஸ்நானக் கவிதையும் அப்படித்தான். பார்க்கூ ஆற்றுப்பக்கம் தேவாலயம் அபூர்வம். வழிதவறியவர்களைத் தவிர யாரும் வராத பாதையில் ஒரு சாராயக் கடை, கடைக்காரர் பையனுக்குப் பத்து வயதாகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஞானஸ்நானம் என்றால் குதிரைக்குட்டிக்குச் சூடு போடுகிற மாதிரி என்று பயந்து அவன் மரப்பொந்துக்குள் ஒளிகிறான். குச்சியால் குத்தி விரட்டியதும் வெளியே பாய்கிறான். அவனுக்கு வைக்கவேண்டிய பெயரை மறந்துவிட்ட பாதிரியார் கையிலிருந்த விஸ்கி புட்டியையே அவன்மேல் வீசுகிறார். புட்டியில் எழுதியிருந்த 'மகினிஸ்' அவன் பெயராகிவிடுகிறது. அந்த ஊரின் தனிமை இல்லாவிட்டால் இந்தச் சிரிப்பே கிடையாது.

உங்கள் சந்தேகத்தை அன்றே இன்னொரு ஆஸ்திரேலியக் கவிஞர் ஹென்றி லாசன் வேறுவிதமாக எழுப்பினார். 1892-இல் 'புல்லட்டின்' இதழில் இருவரும் கவிதையாலேயே சண்டை போட்டார்கள். வறட்சியையும் வறுமையையும் பாட்டர்சன் அழகாக்கிவிட்டார் என்பது லாசன் வாதம். மற்ற கவிதைகளுக்கு அது பொருந்தும், இந்த இரண்டுக்கும் பொருந்தாது என்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த நிலத்தின் பூர்வகுடிகள் இந்தச் சிரிப்பில் எங்குமே இல்லை. அவர்கள் நிலம் பறிபோன பிறகு எழுந்த பண்ணைகள் இவை. அந்த நினைப்போடுதான் நான் வாசிக்கிறேன்.

அடுத்து 1896-இல் வந்த மல்கா பில்லின் சைக்கிள் கவிதைக்குப் போங்கள். குதிரையை விட்டுச் சைக்கிள் ஏறியவன் ஓடையில் போய் விழுகிற கதை. மேடையில் சொல்வதற்கென்றே அமைந்த சந்தம். தயவுசெய்து வாய்விட்டு வாசியுங்கள்.