மழையில் மட்டும் மக்கர் செய்யும் லோரி

கேள்வி: மழை நாளில் என் டீசல் லோரி பினாங்குப் பாலத்தில் இரண்டு முறை நின்றுவிட்டது. என்ஜின் கணினிப் பெட்டி, அதாவது இசிஎம், போய்விட்டது என்கிறார் பட்டறைக்காரர். மாற்றிவிடலாமா அண்ணே?
– வாசகர், பிறை

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. மழையில் மட்டும் என்றால் என் சந்தேகம் வயர் மேல்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு இசிஎம் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளிருக்கும் ஊசிகளில் பச்சைத் துரு பூத்திருக்கலாம். எர்த் வயரையும் சுரண்டி இறுக்குங்கள். பிறகு பிளக்கையும் பேட்டரியையும் மாட்டி, சாவியைத் திருப்பி, சென்சார்களுக்கு 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன். இதைப் பார்க்காமல் நல்ல இசிஎம்மைக் கழற்றி நானே அசடு வழிந்திருக்கிறேன்.

அப்புறமும் நின்றால் மாற்றுங்கள். பழைய சாமான் கடையில் வாங்கி அப்படியே மாட்டிவிடாதீர்கள். உங்கள் என்ஜினுக்கான புரோகிராமை ஏற்ற வேண்டும். பல என்ஜின்களில் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் மேலுள்ள எண்களையும் பதிய வேண்டும்.