முதலில் ஒரு குடும்ப டாக்டரைப் பிடியுங்கள்

தம்பி, இங்கே டெட்ராய்ட்டில் கறுப்பினப் பெண்கள் மார்பகப் புற்றுநோயில் அதிகம் இறக்கிறார்களே, இனம்தான் காரணமா, சர்க்கரை உள்ள என் மனைவியும் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் இந்த நோய் கறுப்பினப் பெண்களுக்கு வருவது வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவுதான். இறப்பு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். சிகிச்சைக்கு எளிதில் மசியாத கட்டி வகை, தாமதமாகக் கண்டுபிடிப்பது எல்லாம் இதில் உண்டு. ஆனால் நம்ம டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 906 பெண்களை வைத்து 2005-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். எந்தக் காரணத்தால் வந்த இறப்பையும் சேர்த்துப் பார்த்தால், இரு இனத்தாரும் உயிர் பிழைப்பதில் இருந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கூடவே இருந்த மற்ற நோய்கள்தான் காரணம். அதிலும் சர்க்கரையும் பிரஷரும் முக்கியம்.

கீமோ வார்டில் வேலை பார்ப்பதால் இதைத் தினமும் காண்கிறேன். டிரிப் ஏற்றும் முன் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்ப்போம். 190 காட்டினால் டாக்டருக்குப் போன் போகும். சில நாள் மருந்து ஏற்றாமலே வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை எகிற வைக்கும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பலவீனமாக்கக் கூடியது, ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு அதைக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். இப்படித்தான் தவணை தள்ளிப்போகிறது, அளவு குறைகிறது. அந்தப் பெண்கள் அலட்சியமாக இருந்துவிட்டார்கள் என்று நம் ஆட்கள் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இரண்டு இடத்தில் வேலை, காப்பீடு கிடையாது, பிரஷர் மாத்திரை வாங்கவே காசில்லை என்று வருடக்கணக்காக ஓட்டியவர்கள் அவர்களில் பலர்.

சர்க்கரை ஆபத்து நமக்கும் உண்டு. தெற்காசியர்களுக்கு ஒல்லி உடம்பிலும் சர்க்கரை வரும். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண் மற்றவர்களுக்கு 25 என்றால், ஆசியர்களுக்கு 23 இருந்தாலே சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, உங்கள் மனைவி விஷயம். குடும்ப டாக்டரிடம் புது நோயாளிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், இன்றைக்கே போன் போடுங்கள். ஊரில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். நம் ஊர் பிராண்ட் பெயர் இங்கே தெரியாது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் காட்டுங்கள். நாற்பது ஆகிவிட்டதென்றால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேக்கும் அப்போதே எழுதித்தரச் சொல்லுங்கள். பெரும்பாலான காப்பீடுகளில் அதற்குக் காசு கேட்பதில்லை.