பிக்கப்பில் ஐட்லர் புல்லி அடிக்கடி போகிறதா? கிராங்க் புல்லியைப் பாருங்கள்

ஒரே வருடத்தில் மூன்று ஐட்லர் புல்லி (பெல்ட்டை அதன் பாதையில் தாங்கிச் சும்மா சுற்றும் சக்கரம்) மாற்றியாகிவிட்டது, பெல்ட்டும் புதுசு, ஆனாலும் சத்தம் நிற்கவில்லை, என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பாட்டை நானும் பட்டிருக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப் என்னுடையது. முதல் புல்லி போனபோது பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது என்று மாற்றினோம். மூன்று மாதத்தில் அடுத்ததும் போனது. மூன்றாவது, பொள்ளாச்சி தாண்டி நடுராத்திரியில் இறுகிப்போய் பெல்ட்டை அறுத்துவிட்டது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நின்றுபோய் பேட்டரி விளக்கு எரிந்தது. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்பதால் டெம்பரேச்சர் முள் மளமளவென ஏறியது. உடனே அணைத்ததால் இன்ஜின் தப்பியது, தக்காளியில் பாதி வீணாகிவிட்டது.

முதலில் சத்தம் எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஐட்லிங்கில் குருவி மாதிரி ‘கீச் கீச்’ என்று விட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஏசி போடும்போதோ ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதோ நீளமாகக் ‘கிரீச்ச்’ என்றால் பெல்ட் வழுக்குகிறது. சந்தேகமாக இருந்தால், இன்ஜின் ஓடும்போதே பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். தோளில் துண்டு இருக்கக் கூடாது, கை தள்ளியே இருக்கட்டும். சத்தம் அடங்கிச் சில நொடியில் திரும்ப வந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை. இன்னும் அதிகமானால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். என் வண்டியில் சத்தம் அடங்கி, பத்து நொடியில் திரும்ப வந்தது.

அப்புறம் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி ஆட்டிப் பார்த்தோம். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், டென்ஷனர் எதிலும் கரகரப்போ ஆட்டமோ இல்லை. அப்போது பட்டறை அண்ணன் சொன்னார்: “அடி வாங்கினவனையே எத்தனை தடவை மாத்துவீங்க தம்பி? அடிக்கிறவனைத் தேடுவோம்.” ஒயிட்னர் பேனாவை எடுத்து, இன்ஜினின் கிராங்க் தண்டு முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் நடுப்பகுதியிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரே நேராகக் கோடு போட்டார். இரண்டு டிரிப் போய்வந்து பார்த்தால், வெளி வளையத்தில் இருந்த கோடு ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது.

கிராங்க் புல்லி பல வண்டிகளில் ஒரே இரும்புத் துண்டு கிடையாது. டீசல் இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை உதறும், அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் நடுவில் ரப்பர். அது விட்டுப்போனால் வெளி வளையம் வழுக்கும், பக்கவாட்டிலும் ஆடும். சுற்றுக்குச் சுற்று பெல்ட்டை ஒரு பக்கமாக இழுக்கும். அந்தப் பக்கவாட்டு இழுப்பைத் தாங்க ஐட்லரின் சின்ன பேரிங்கால் முடியாது. கிராங்க் புல்லியை மாற்றிய பிறகு ஐட்லருக்குக் கை வைக்கவே இல்லை, 40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது.

உங்கள் வண்டியில் கோடு நகரவில்லை என்றால், ஐட்லர் பொருத்தியிருக்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று நேரான இரும்புப் பட்டை வைத்துப் பாருங்கள். புல்லி வாங்காமல் பேரிங் மட்டும் அழுத்திப் போடுகிறீர்களா? பல ஐட்லர்களில் 6203 என்ற அளவு எண் கொண்ட பேரிங்தான் வரும். அதை உள் வளையத்தில் தட்டி இறக்கினால் குண்டுகளும் ஓடுதடமும் அன்றைக்கே அடி வாங்கிவிடும். வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக இருக்கட்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைப் புல்லி மேல் நேராக அடிக்க விடாதீர்கள். பெல்ட்டுக்குச் சோப்பு தேய்க்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், சத்தம் ஒரு நாள் மறையும், பழுது அப்படியே இருக்கும்.

இன்றைக்கே கோடு போட்டுவிடுங்கள். இரண்டு லோடு அடித்தபின் அது எங்கே நிற்கிறது, தண்ணீர் அடித்தபோது சத்தம் என்ன ஆனது, இரண்டையும் கீழே எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பார்க்கலாம்.