பாட்டி காலத்து வெள்ளி ரூபாயில் நீலமும் ஊதாவும் படர்ந்திருக்கின்றன. தேய்த்துச் சுத்தம் செய்யலாமா? இப்படி நிறம் ஏறிய காசுகளைச் சிலர் கூடுதல் விலைக்கு வாங்குவது ஏன்?

தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, திருநீறு, பற்பசை, நகைக்கடையில் விற்கும் வெள்ளி மெருகுநீர் ஆகிய எதுவும் அந்தக் காசின் மேல் படக்கூடாது. இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய்கள் நான்கு இருந்தன. தீபாவளியன்று பூஜையில் வைப்பதற்காக அவற்றில் மூன்றைப் பள்ளி வயதில் நானே திருநீறு போட்டுத் தேய்த்தேன். அவை வெளேரென்று ஆயின. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மன்னரின் கன்னம் முழுவதும் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றன. அச்சில் அடித்தபோது வந்த ஒளி முற்றிலும் போய்விட்டது.

நான்காவது காசு 1919ஆம் ஆண்டுக்குரியது. பழுப்பேறிய தாள் ஒன்றில் மடிக்கப்பட்டுப் பெட்டியின் அடியில் கிடந்ததால் அது என் கைக்கு அப்போது அகப்படவில்லை. விளக்கொளியில் அதைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் விளிம்பை ஒட்டிக் கருநீலம், அதற்குள்ளே ஊதா கலந்த சிவப்பு, அதற்கும் உள்ளே செம்பொன், நடுவில் மன்னரின் முகத்தருகே இளமஞ்சள் என்று வளையம் வளையமாக நிறங்கள் தெரிகின்றன. சேகரிப்பாளர்கள் இதை டோனிங் என்கிறார்கள். அந்தக் காசுதான் என்னை இந்தச் சேகரிப்புக்குள் இழுத்து வந்தது.

இந்த நிறங்கள் சாயமும் அல்ல, அழுக்கும் அல்ல. காற்றிலும் தாளிலும் துணியிலும் சிறிதளவு கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அவை வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் மிக மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலம் சில பத்து நானோமீட்டர் கனத்தில் இருக்கும்போது, அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதை ஊடுருவி அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அழித்துச் சிலவற்றை எஞ்ச விடுகின்றன. மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயின் மீது வானவில் தோன்றுவதும் இதே இயற்பியலால்தான். படலம் தொடர்ந்து தடித்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லா நிறமும் மறைந்து, நாம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கிலும் வெள்ளிக் கிண்ணத்திலும் பார்க்கும் கறுப்பு வந்துவிடும்.

இதில் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டியது நிறங்களின் வரிசை. நிறத்தைத் தீர்மானிப்பது படலத்தின் கனம் என்பதால், படலம் வளரும்போது நிறங்கள் ஒரே ஒழுங்கில்தான் வர முடியும். முதலில் இளமஞ்சள், அடுத்துப் பொன்னும் செம்பழுப்பும், பிறகு ஊதாச் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம். அத்துடன் முதல் சுற்று முடிகிறது. இரண்டாம் சுற்றில் மறுபடி மஞ்சள், ஆரஞ்சு, ஊதாச் சிவப்பு என்று தொடங்கி, அதன் பிறகே தெளிவான பச்சை வரும். முதல் சுற்றில் பச்சைக்கு இடமே இல்லை. ஆகவே வெள்ளை வெளேரென்ற பரப்பை அடுத்து, இடையில் மஞ்சளோ நீலமோ இல்லாமல் திடீரெனப் பச்சை நின்றால் எனக்கு உடனே ஐயம் எழும். என் 1919 ரூபாயில் நடுவிலிருந்து விளிம்பு வரை அந்த வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை.

இந்த ரசனை மிகவும் வேரூன்றியிருப்பது அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர்களைச் சேகரிப்பவர்களிடம். 1878 முதல் 1904 வரையிலும் பின்னர் 1921இலும் அடிக்கப்பட்ட அந்த டாலர் 26.73 கிராம் எடையும் 90 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. 1878ஆம் ஆண்டின் பிளாண்ட்–அல்லிசன் சட்டம், மாதந்தோறும் பெரும் அளவு வெள்ளியை வாங்கி நாணயமாக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்தியது. மக்களுக்கு அவ்வளவு கனத்த நாணயம் தேவைப்படவில்லை. ஆகவே ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டிக் கருவூல அறைகளில் அடுக்கினார்கள். பல பைகள் 1960களின் தொடக்கம் வரை அங்கேயே கிடந்தன. பையின் நடுவில் இருந்த காசுகள் பெரும்பாலும் வெண்மையாகவே இருக்க, துணியை ஒட்டிக் கிடந்தவற்றின் ஒரு முகம் மட்டும் நிறம் ஏறியது. அத்தகைய காசு ஒன்றை நான் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். சுதந்திர தேவியின் கன்னத்தில் துணியின் நெசவு குறுக்கும் நெடுக்குமாக நிறக்கோடுகளாகப் பதிந்திருந்தது. மேலே இன்னொரு காசு கிடந்து மறைத்த இடம் மட்டும் பிறை வடிவில் வெள்ளையாக எஞ்சியிருந்தது.

நம் காசுக்கும் அந்த டாலருக்கும் மெய்யான உறவு ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்போர் பெருக, வெள்ளி இருப்பு வற்றியது. அப்போது 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றி 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்களை உருக்கியது. அவ்வெள்ளியில் மிகப் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு ரூபாய் அடிப்பதற்காக விற்கப்பட்டது. என் 1919 ரூபாயில் உருகிய மார்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்கக்கூடும் என்பதை முதன்முதலில் அறிந்த அன்று, அந்தக் காசை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு காசில் ஏறிய நிறம் போல இன்னொன்றில் ஏறுவதில்லை. வாங்குபவர்கள் அந்தத் தனித்தன்மைக்குத்தான் பணம் தருகிறார்கள். அதனால்தான் போலிகளும் பெருகியுள்ளன. சூடேற்றியும் கந்தக மருந்துகளில் நனைத்தும் சில நிமிடங்களில் நிறம் ஏற்றிவிடுகிறார்கள். நானும் தொடக்கத்தில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மின்னும் நீலத்தில் ஒரு டாலரை வாங்கி ஏமாந்திருக்கிறேன். அதில் நிறம் எழுத்துகளின் அடிமடிப்பில் குழம்பாகத் தேங்கியிருந்தது. பழைய கீறல்களின் உள்ளேயும் அதே நீலம் புகுந்திருந்தது. காசைச் சுழற்றினால் ஒளிக்கதிர் சக்கரம் போலச் சுற்றி வரவில்லை. இயற்கையாக நிறம் ஏறிய, புழங்காத காசில் அந்த ஒளி நிறத்துக்கு அடியிலிருந்து எழுந்து வரும். நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல மாறும். மேலும் பல காசுகளில், புடைத்த எழுத்துகளையும் விண்மீன்களையும் சுற்றி மெல்லிய இடைவெளியில் நிறம் குறைந்திருக்கும். துணியோ தாளோ அந்த இடத்தைத் தொட முடியாததே அதற்குக் காரணம். போலி செய்பவர்களுக்கு இது எளிதில் கைவருவதில்லை.

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரமிடும் நிறுவனங்கள் நிறம் ஐயத்துக்குரியது என்று கருதினால் அக்காசுக்கு வழக்கமான தரப்புள்ளி தருவதில்லை. பெரிய தொகை கொடுத்து வாங்கும்போது அவர்களின் உறையிட்ட காசையே தேடுவது நல்லது. ஆனால் உங்களிடம் இருப்பது குடும்பக் காசு. அது எங்கே, எதில் சுற்றி இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். வேறெந்தச் சான்றிதழையும்விட அதை நான் பெரிதாக மதிப்பேன். நாள்பட்ட புழக்கத்தில் தேய்ந்த ரூபாய் என்றால் நிறத்துக்காக விலை பெரிதாக ஏறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பி.வி.சி. கலந்த மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள். அவை நாளடைவில் பச்சைப் பிசின் போன்ற ஒன்றைக் கசியவிட்டு உலோகத்தை அரிக்கும். காற்றுப் புகாத கெட்டியான கேப்ஸ்யூலில் வைத்து, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போடுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் படலம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இன்றைய நீலம் பத்தாண்டில் சாம்பலாகலாம். என் 1919 ரூபாயை அப்படித்தான் கேப்ஸ்யூலுக்கு மாற்றினேன். அதைச் சுற்றியிருந்த பழுப்புத் தாளையும் எறியாமல் தனி உறையில் வைத்திருக்கிறேன். அதில் காசின் வட்டம் இன்னும் பழுப்புக் கோடாகப் பதிந்திருக்கிறது.