ஆதாமும் மனுவும் ஒருவரா?

கேள்வி: தரம் 9 படிக்கும் என் மகள், பாடசாலைக் கண்காட்சிக்காக 'சமயங்களில் முதல் மனிதன்' என்று ஒரு பிரிஸ்டல் போர்ட் செய்கிறாள். 'ஆதாம் = மனு = புத்தர்' என்று எழுதி, அடியில் சிவனொளிபாதமலையை வரைந்திருக்கிறாள். முஸ்லிம் தோழியும் பௌத்தத் தோழியும் கோபித்துக்கொண்டார்கள். எப்படித் திருத்துவது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முதலில் அந்தச் சமக்குறிகளை அழிக்கச் சொல்லுங்கள். தோழிகளின் கோபம் நியாயமானது. போர்டை கிறிஸ்தவம், இஸ்லாம், இந்து, பௌத்தம் என்று நான்கு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த நூல், எதிலிருந்து தோன்றினார், தனியாகவா சோடியாகவா என்று மூன்றே கேள்விகளுக்கு விடை எழுதட்டும்.

பைபிளிலும் குர்ஆனிலும் ஆதாம் மண்ணால் ஆனவர்தான். ஆனால் ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் விலங்குகளுக்கு ஆதாமே பெயரிடுகிறார். குர்ஆன் 2:31இல் இறைவன் அவருக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுக்கிறான். இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் எழுதவேண்டும். விலா எலும்பு ஆதியாகமத்தில் உண்டு, குர்ஆனில் இல்லை, நபிமொழியான ஹதீஸில் வருகிறது. 'ஆப்பிள்' இரண்டு நூலிலுமே கிடையாது. இஸ்லாம் நிரலில் ஆதம் நபியின் உருவத்தை வரையக்கூடாது, பெயரை அழகாக எழுதினால் போதும்.

இந்து நிரலில்தான் பிள்ளைகள் அதிகம் சறுக்குவார்கள். மனு ஒருவரல்ல, ஒரு கற்பத்துக்கு, அதாவது பிரம்மாவின் ஒரு பகலுக்கு, 14 பேர். பிரம்மாவின் உடல் இரண்டாகி முதல் மனுவான சுவாயம்புவ மனுவும் அவர் மனைவி சதரூபையும் தோன்றியதாகப் பாகவதம் சொல்கிறது. பெருவெள்ளத்தில் மீன் காப்பாற்றிய மனு ஏழாமவர், வைவஸ்வதர். வெள்ளக் கதை என்பதால் அவரை நோவாவோடு ஒப்பிடலாம். ஆதாமோடு ஒப்பிட்டால் பிழை.

மலையை எந்த நிரலிலும் சேர்க்காமல் தனிப் பெட்டியில் போடுங்கள். ஆதம் இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சரந்தீப், அதாவது இலங்கை, என்பது பிற்கால மரபு. அந்த மரபை நம்பித்தான் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் மலையேறினார். மலையுச்சியில் ஆதமுடையது எனப்படும் அதே பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்றும், பௌத்தர்கள் புத்தருடையது என்றும் வணங்குகிறார்கள்.

இனிப் பௌத்தம். கௌதம புத்தர் முதல் மனிதர் அல்லர். அங்கே படைத்தவரும் இல்லை. பௌத்த நூல் தொகுதியான தீக நிகாயத்தின் 27ஆம் சூத்திரமான அக்கஞ்ஞ சூத்திரத்தின்படி, ஆபஸ்ஸர என்ற பிரம்ம உலகத்திலிருந்து வந்த ஒளியுடல் உயிர்கள் மண்ணின் சுவையை நக்கிப் பார்த்து ஒளியை இழந்தன. பிறகு உமியில்லாத நெல் தானாக விளைந்தது. காலையில் அறுத்தால் மாலைக்குள் திரும்ப முளைக்கும். சோம்பேறி ஒருவன் இரண்டு வேளைக்கும் சேர்த்து அறுத்துவந்தான். அடுத்தவன் இரண்டு நாளைக்கு, இன்னொருவன் நான்கு நாளைக்கு. அதோடு நெல்லுக்கு உமி வந்தது, அறுத்த இடம் முளைக்கவில்லை. வயலுக்கு வரப்பும், பின்னாலேயே களவும் வந்தன. களவை அடக்க மகாசம்மதன் என்பவனை அரசனாகத் தெரிந்தெடுத்தார்கள்.

அந்த நிரலில் 'தனியாகவா சோடியாகவா' என்ற கட்டத்தில் 'கூட்டமாக' என்று எழுதட்டும். நெல் கதைக்கு இடம் போதாவிட்டால் ஆதாம் வரும் இரண்டு நிரல்களையும் சுருக்குங்கள். அது பார்க்க வருகிறவர்களில் பலருக்குத் தெரிந்த கதைதான்.