பிரெஞ்சு ப்ளூ-க-பர்ஃபே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பிரெஞ்சு ஒலியைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும். ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டே படிப்பது நல்லது.)

கேள்வி: ஒழுங்கான வினைச்சொல் ஒன்றை ப்ளூ-க-பர்ஃபே (கடந்த நிகழ்ச்சி ஒன்றுக்கும் முந்தியதைச் சொல்லும் காலம்) காலத்தில் அமைப்பது எப்படி? அடியிலிருந்து சொல்லுங்கள்.

பதில்: இரண்டு துண்டுகளை ஒட்டினால் போதும். முதல் துண்டு, அவ்வார் என்ற துணைவினையின் இம்பர்ஃபே (தொடர் இறந்தகால) வடிவம். இரண்டாவது துண்டு, முதன்மை வினையின் பார்த்திசிப் பாஸே, அதாவது இறந்தகால எச்ச வடிவம். பேசுவதைக் குறிக்கும் பார்லே என்ற வினையை எடுத்துக்கொள்வோம்:

ஜாவே பார்லே: நான் பேசியிருந்தேன்
தூ அவே பார்லே: நீ பேசியிருந்தாய்
இல் அவே பார்லே: அவன் பேசியிருந்தான்
நூ ஸாவியோன் பார்லே: நாங்கள் பேசியிருந்தோம்
வூ ஸாவியே பார்லே: நீங்கள் பேசியிருந்தீர்கள்
இல் ஸாவே பார்லே: அவர்கள் பேசியிருந்தார்கள்

இரண்டாம் துண்டு அப்படியே நிற்கிறது. ஆளுக்கேற்ப மாறுவது துணைவினை மட்டுமே. தமிழிலும் 'பேசி' அசையாமல் நிற்க, 'இருந்தேன், இருந்தாய்' என்று வால்தானே மாறுகிறது? அதனால் இந்தக் காலத்தைக் கண்டு தமிழர் மிரள வேண்டியதே இல்லை. வரிசைதான் தலைகீழ்.

கேள்வி: பார்த்திசிப் பாஸே வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அகராதி வடிவத்தின் ஈற்றைப் பாருங்கள். இ-ஆர் என்று முடிந்தால் அந்த ஆர் போய், இ-யின் மேல் சாய்கோடு ஏறும். ஐ-ஆர் என்று முடிந்தால் ஆர் மட்டும் போகும்: ஃபினீர், ஃபினி. ஆர்-இ என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு யு போட வேண்டும்: வாந்த்ர, வாந்தூ. ஆக, ஜாவே ஃபினி என்றால் முடித்திருந்தேன். ஜாவே வாந்தூ என்றால் விற்றிருந்தேன்.

கேள்வி: காதால் கேட்டு எழுதும்போது எல்லாம் 'அவே', எல்லாம் 'பார்லே' என்றே விழுகிறது. எழுத்துப்பிழை தீரவே மாட்டேன் என்கிறது.

பதில்: பிரெஞ்சுக்காரர்களுக்கே உள்ள தொல்லை இது. 'அவே' விஷயத்தில் காதை நம்பாதீர்கள், எழுவாயைப் பாருங்கள். நான், நீ என்றால் ஈற்றில் எஸ். அவன், அவள் என்றால் டி. அவர்கள் என்றால் இ-என்-டி. மூன்றும் ஊமை எழுத்துகள்.

'பார்லே' விஷயத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. அந்த இடத்தில் வாந்த்ர என்ற வினையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'ஜாவே வாந்த்ர' என்பது காதில் உறுத்தும், 'ஜாவே வாந்தூ' உறுத்தாது. வாந்தூ பொருந்தும் இடத்தில் சாய்கோடு போட்ட இ. வாந்த்ர பொருந்தும் இடத்தில் இ-ஆர். தேர்வு அறையில் இதைவிட விரைவான சோதனை கிடையாது.

கேள்வி: பாஸே கோம்போஸே (முடிந்ததைச் சொல்லும் வழக்கமான இறந்தகாலம்) இருக்கும்போது இது எதற்கு?

பதில்: இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வடிவத்தை ஒரு மாலையில் கற்றுவிடலாம், சறுக்குவது பயன்பாட்டில்தான். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

கான் ஜ ஸ்வீ ஸாரிவே, எல் அவே ஃபினி.
கான் ஜ ஸ்வீ ஸாரிவே, எல் ஆ ஃபினி.

முதலாவதில், நான் வந்து சேர்வதற்கு முன்பே அவள் வேலையை முடித்துவிட்டிருந்தாள். இரண்டாவதில், நான் வந்ததும் அவள் முடித்தாள். ப்ளூ-க-பர்ஃபே தனித்து நிற்காது. கடந்த காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி வேண்டும், இது அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும். அந்த இன்னொரு நிகழ்ச்சி அதே வாக்கியத்தில் வர வேண்டும் என்பதில்லை, முன்வாக்கியத்தில் இருந்தாலும் போதும்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடமும் இதுவே. 'நேற்றைய கூட்டத்துக்குத் தலைவர் வந்திருந்தார்' என்கிறோம். எதற்கு முன்பு வந்திருந்தார்? எதற்கும் இல்லை, கலந்துகொண்டார் என்பதே பொருள். பிரெஞ்சில் அங்கே பாஸே கோம்போஸே போதும். '-இருந்தார்' என்று கண்டவுடன் ப்ளூ-க-பர்ஃபேக்குத் தாவுவதுதான் நம்மவர் விடைத்தாள்களின் நிரந்தர நோய்.

கேள்வி: எல்லா வினைகளுக்கும் அவ்வார்தானா?

பதில்: இல்லை. அரிவே (வந்து சேர்), ரெஸ்தே (தங்கு), தோம்பே (விழு), மோன்தே (ஏறு) போன்ற சில வினைகள் ஏத்ர என்ற துணைவினையைக் கேட்கும்: ஜேத்தே அரிவே. செய்பவரையே திரும்பச் சுட்டும் வினைகளும் அப்படியே: ஜ மேத்தே லவே, அதாவது நான் எழுந்திருந்தேன். ஏத்ர வந்தால் பார்த்திசிப் பாஸே பெரும்பாலும் எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஓர் இ, பலராக இருந்தால் எஸ். இந்த வினைகளில் ஒலி மாறாது.

ஒரு பொறி: மோன்தே செயப்படுபொருளை ஏற்றால் அவ்வாருக்குத் திரும்பிவிடும். ஜேத்தே மோன்தே என்றால் நான் ஏறியிருந்தேன். ஜாவே மோன்தே லே வலீஸ் என்றால் பெட்டிகளை மேலே ஏற்றியிருந்தேன். ஏறு, ஏற்று என்ற வேறுபாட்டைத் துணைவினையே காட்டிவிடுகிறது. அழகான ஏற்பாடு!

கேள்வி: அவ்வார் வந்தால் ஒத்துப்போகவே வேண்டாமா?

பதில்: செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டால் வேண்டும். 'லா மேஸோன் க ஜாவே வாந்தூ', நான் விற்றிருந்த வீடு. வீடு பிரெஞ்சில் பெண்பால், முன்னால் நிற்கிறது. எனவே வாந்தூவின் ஈற்றில் ஓர் இ.

கேள்வி: 'ஸி' (தமிழின் '-ஆல்' போன்ற நிபந்தனைச் சொல்) உடன் இதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: நடக்காமல் போனதைச் சொல்ல. 'ஸி தூ அவே பார்லே, ஜோரே ஏகூத்தே': நீ பேசியிருந்தால் நான் கேட்டிருப்பேன். ஸி பக்கம் ப்ளூ-க-பர்ஃபே, மறுபக்கம் கோந்திஸியோனேல் பாஸே, அதாவது 'கேட்டிருப்பேன்' போன்ற வடிவம். இடம் மாற்றாதீர்கள், ஸிக்குப் பின்னால் 'ஜோரே' போடுவது மோசமான பிழை.

கேள்வி: பழைய நாவலில் 'ஜூ பார்லே' என்று பார்த்தேன். இதுவும் அதுதானா?

பதில்: அது பாஸே ஆன்தேரியர், எழுத்து நடைக்கே உரியது. அடையாளம் தெரிந்தால் போதும், நீங்கள் எழுத வேண்டாம்.

கேள்வி: எதிர்மறையும் வினாவும்?

பதில்: 'பா' துணைவினைக்கு அடுத்து வரும்: ஜ நாவே பா பார்லே. 'ஏற்கெனவே' என்ற தேஜாவுக்கும் அதே இடம்: ஜாவே தேஜா ஃபினி. வினாவுக்குத் துணைவினையை முன்னால் தள்ளுங்கள்: அவியே-வூ ஃபினி?